சிகாகோவுக்குப் போன இன்னொரு காந்தி

எங்கள் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது உத்தமபாளையம். அங்கே கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமை. கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் கால்நடையாகவே வந்த மதம் அது. சமண முனிவர்கள் வண்டி வாகனம் ஏறுவதில்லை, கடல் கடப்பதில்லை. அப்படியானால் அமெரிக்காவுக்கு அந்த மதம் எப்படிப் போனது? அங்கிருந்துதான் வீர்சந்த் ராகவ்ஜி காந்தியின் கதை தொடங்குகிறது.

மகாத்மாவுக்கு இவர் உறவினர் இல்லை. இருவரும் கத்தியவார் பக்கத்துக்காரர்கள். பம்பாயில் பழகிய நண்பர்கள். வீர்சந்த் 1864 ஆகஸ்ட் 25 அன்று மகுவா என்ற ஊரில் பிறந்தார். 1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மறு வருடமே, 21 வயதில், இந்திய ஜைன சங்கத்தின் செயலாளர் ஆனார்.

செயலாளர் என்றால் பெயருக்கு இல்லை. பாலிதானா மலைக்கு வரும் யாத்ரீகர்களிடம் அந்த சமஸ்தானம் வரி வசூலித்து வந்தது. பல காலத் தகராறு. வீர்சந்த் ஆங்கில அதிகாரிகளிடம் பேசி, ஆண்டுக்கு 15,000 ரூபாய் மொத்தத் தொகை, 40 வருடத்துக்கு என்று முடித்து வைத்தார். நம் சங்கத்தில் லிஃப்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவது போலத்தான். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கும் நச்சரிப்பு அதில் இல்லை.

அடுத்து சம்மேத சிகரம். சமணர்களின் அந்தப் புனித மலையில் ஒரு வெள்ளைக்காரர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலை வைத்தார். கொல்லாமையே உயிர்மூச்சான மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! வழக்குக்காகக் கல்கத்தா போன வீர்சந்த், பழைய பத்திரங்களை வேறொருவர் சொல்லிக் கேட்டால் போதாது என்று வங்காள மொழியையே கற்றுக்கொண்டார். வழக்கு ஜெயித்தது. எனக்கு அவருடைய சிகாகோ சொற்பொழிவை விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

1893 சர்வமத மாநாட்டுக்கு அழைப்பு வந்தது ஆத்மாராம்ஜி என்ற ஆசாரியருக்கு. துறவி கப்பல் ஏற முடியாது. இல்லறத்தாரான வீர்சந்தைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். சேதுபதி மன்னர் ஊக்கம் கொடுத்து விவேகானந்தர் போனாரே, அதே மாநாடுதான். அங்கே ஒரு பாதிரியார் இந்துக் கோயில்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியபோது எழுந்து பதில் சொன்னவர் சமணரான இந்த வீர்சந்த். அப்போது வயது 29. குளிர் நாட்டிலும் காய்கறி உணவை அவர் விடவில்லை.

திரும்பி வந்தவருக்குக் காத்திருந்தது மாலை மட்டுமல்ல. கடல் கடந்தது தீட்டு, விலக்கி வைக்க வேண்டும் என்று சொந்த சமூகத்திலேயே ஒரு சாரார் கிளம்பினார்கள். அனுப்பி வைத்த ஆத்மாராம்ஜி கைவிடவில்லை. வீர்சந்தும் அடங்கவில்லை, 1896இல் மறுபடி கப்பல் ஏறினார். இங்கே பஞ்சம் வந்தபோது அமெரிக்காவில் நிதி திரட்டி சுமார் 40,000 ரூபாயும், ஒரு கப்பல் தானியமும் அனுப்பி வைத்தார். பிற்பாடு இங்கிலாந்தில் சட்டமும் படித்தார். தாய்நாடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே, 1901 ஆகஸ்ட் 7 அன்று காலமானார். 37 வயதுகூட முடியவில்லை.

அவர் காலத்தில் அமெரிக்காவில் சமணக் குடும்பங்கள் என்று சொல்லும்படி யாரும் இல்லை. 1965இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகுதான் டாக்டர்களும் இன்ஜினியர்களுமாகக் குடும்பங்கள் போகத் தொடங்கின. 1970இல் சித்ரபானு என்ற முனிவரே தடையை மீறி விமானம் ஏறி ஜெனீவா போனார். அவருக்கும் இங்கே கடும் எதிர்ப்பு. அடுத்த வருடம் அமெரிக்கா சென்றார். 1981இல் அந்நாட்டு ஜைன சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன. நம் தபால் துறையும் 2002இல் வீர்சந்துக்குத் தபால்தலை வெளியிட்டது.

நம் பிளாக்குகளில் சிகாகோ பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது பார்ட்லெட் என்ற ஊரில் உள்ள ஜைனக் கோயிலுக்குப் போய் வாருங்கள். அங்கே வீர்சந்துக்குச் சிலை இருக்கிறது.