பிரம்பில்லாப் பள்ளி கண்ட கிஜுபாய்

அடியாத மாடு படியாது என்பதைக் குழந்தைகளுக்கும் விதியாகக் கொள்ளும் உபாத்தியாயர்களுக்கு, கிஜுபாய் பதேகாவின் வாழ்க்கையை நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கத்தியவாரில் 1885ஆம் ஆண்டு பிறந்த கிஜுபாய், வக்கீலாகத் தொழில் நடத்தியவர். 1913இல் மகன் பிறந்தபின், அவனுக்கு எத்தகைய கல்வி தருவது என்னும் கவலை அவரை மான்டிசோரி அம்மையாரின் நூல்களிடம் கொண்டு சேர்த்தது. வக்கீல் தொழிலைத் துறந்து, 1916இல் பவநகர் தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திரம் நிறுவினார். கதை, பாட்டு, விளையாட்டு, நாடகம் இவற்றாலேயே கற்பித்தார். அடிக்கும் அச்சத்துக்கும் அங்கே இடமில்லை. மீசையுள்ள தாய் என்று ஜனங்கள் அவரைக் கொண்டாடினர். 1939இல் காலமானார்.

அவர் ஒரு பள்ளியில் நடத்திக் காட்டியதை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தேசத்துக்கே விதியாக்கிற்று. உடல் தண்டனையும் மன உபத்திரவமும் இன்று சட்ட விரோதமே. ஆயினும், முறையிட நாதியற்ற கூலியாளின் குழந்தையைச் சட்டப் புத்தகம் தானே வந்து காவாது.

கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் அமரலாகாது என்று 10ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டியது உத்திரமேரூர்ச் சபை. அவ்வட்டார அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இன்று நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. குழந்தைமேல் விழும் ஒவ்வோர் அடிக்கும் அவர்கள் கணக்குக் கேட்க வேண்டும். அவர்கள் பக்கம் நிற்பது தேசத் தொண்டர் கடமை.