நோயை மறைக்காதீர்!
டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் வாழ்வு தரும் படிப்பினை

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஆயினும் நம் இல்லங்களில், குறிப்பாகத் தாய்மார்களிடத்தில், நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனால் விளையும் கேட்டை உணர, நம் மார்க்கத்தைச் சேராதவராயினும் நம் நன்றிக்குரிய ஒரு பெண்மணியின் வாழ்வை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்கூடப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில், ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் மகாராஜாவின் அனுமதியோடு படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற சிறுமியருக்காக 1930இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் பலரும் அறிந்தவையே.

ஆனால் அவருடைய உள்ளத்தை அறுத்த சம்பவம் வீட்டிற்குள் நடந்தது. 1920களில் அவருடைய தங்கை நோயுற்றார். சீதபேதி என்று கருதியே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். உண்மை தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காளே டாக்டராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. மலத்தில் இரத்தமும் சளியும் போவது இரண்டு நோய்களுக்குமே உள்ள அடையாளம். சாதாரண வியாதியின் முகமூடி அணிந்துகொண்டு பெரிய வியாதி வீட்டிற்குள் நுழையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அழுது ஓய்ந்துவிடவில்லை அம்மையார். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலே, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டுமென்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் மாண்டுபோவார், அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணமே அன்று பலரிடமும் இருந்தது. அம்மையார் சளைக்கவில்லை. பெண்கள் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக, ஊர் ஊராக நிதி சேர்த்தார்.

1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். மயிலாப்பூரிலிருந்து தெற்கே சென்று ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வரும் அடையாறு காந்தி நகரில், 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 68ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். 1957இல் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. 1968 ஜூலை 22இல் அம்மையார் மறைந்தார். அவர் ஊன்றிய விதை இன்று பெருமரமாய் நிற்கிறது. ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லா மதத்தாரும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள்.

இதில் நமக்குள்ள படிப்பினை என்ன?

மார்பகத்தில் வலியில்லாத கட்டி, மாதவிடாய் நின்ற பின்னும் உதிரப்போக்கு, வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், நீங்காத குரல் கம்மல், வாரக்கணக்கில் மலத்தில் இரத்தம் - இவற்றில் எது கண்டாலும் தாமதிக்கலாகாது. எல்லாம் புற்றுநோயாகவே இருக்கும் என்பதில்லை, பரிசோதித்தால்தான் தெரியும். வலிக்கவில்லையே என்று அசட்டையாயிருப்பதுதான் பெரும் பிழை. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியம்மாக்களும், பீடி சிகரெட்டை விடாத ஆண்களும் வாய்ப்புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது. கத்தி பட்டால் நோய் பரவும் என்ற வீண் பயத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் உயிரைக் காக்கும் மருத்துவத்திற்கு அது தடையாகாது. பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடம் காட்டுவோம். கிடைக்காத நிலையில் ஆண் டாக்டரிடம் தேவையான அளவு காட்ட மார்க்கம் இடம் தருகிறது. துஆவும் ஓதிப் பார்ப்பதும் மருந்தோடு சேர்ந்து நடக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகல்லவா தவக்குல்?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறோம். இந்நோயால் மாண்டவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. குணமானவர்களோ வாய் திறப்பதில்லை. மகளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று அஞ்சி, ஷிஃபா பெற்றதையும் ஒளித்து வைக்கிறார்கள். ஆகவே, இந்நோய் கண்டவர் பிழைப்பதில்லை என்ற பொய்யே நிலைத்துவிடுகிறது. புற்றுநோய் தொற்றுநோயன்று. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பல வகைகள் குணமாகின்றன. குணமடைந்து பல்லாண்டு கழித்தும் மறுபரிசோதனைக்கு வந்து, பேரன் பேத்தியரோடு வாழ்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தம் அனுபவத்தை அண்டை வீட்டுப் பெண்ணிடம் ஒருமுறை சொன்னால் போதும். ஓர் உயிர் பிழைக்கலாம். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்று திருமறை போதிக்கிறதல்லவா?

இதை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டில் உம்மாவோ, மாமியோ, சகோதரியோ எதையேனும் சொல்லாமல் மறைக்கிறார்களா என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.