தண்ணீரின் குரலைக் கேட்டவர்



ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, பைப்பிலிருந்து வாளித் தண்ணீரில் 'டொளக், டொளக்' என்று சொட்டு விழும். எழுந்து போய் பைப்பை இறுக்கிவிட்டு வந்து படுப்போம், அதோடு சரி. தண்ணீருக்கு இந்தக் குரல் எப்படி வந்தது என்று யோசித்தவர்களில் ஒருவர் மார்செல் மின்னார்ட்.

இவர் 1893-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகரில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். கெண்ட் பல்கலைக்கழகத்தில் முதலில் இவர் படித்தது செடி கொடிகளைப் பற்றி. அங்கே பாடமெல்லாம் பிரெஞ்சு மொழியில்தான். வீட்டில் பேசுகிற டச்சு மொழியிலேயே பிள்ளைகள் உயர்கல்வி பெற வேண்டும் என்று மின்னார்ட் பாடுபட்டார். முதல் உலகப் போரில் நாட்டைப் பிடித்த ஜெர்மானியர் அந்தப் பல்கலைக்கழகத்தை டச்சு மொழிக்கு மாற்றினர். மின்னார்ட் அங்கே பௌதிகம் கற்பித்தார். அதனால் எதிரிக்குத் துணை போனவர் என்ற பழி வந்தது. 1918-இல் போர் முடிந்ததும் பிறந்த மண்ணை விட்டு ஹாலந்துக்குப் போய், உட்ரெக்ட் நகரில் சூரிய ஒளியை ஆராய்ந்தார்.

சூரியனைப் பார்த்தவர் ஓடைச் சத்தத்துக்கும் காது கொடுத்தார். தண்ணீருக்குள் குமிழிகளை ஊதி, அவற்றின் சுருதியைக் கவனித்தார். 1933-இல் விடையை வெளியிட்டார். குமிழிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரிகிறது, அதுதான் சத்தம். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,200 தடவை அதிரும். குமிழி இரண்டு மடங்கு பெரிதானால் அதிர்வு பாதியாகும்; குரல் தடிக்கும்.

சொட்டு விழும்போதும் இதேதான். விழுந்த இடம் குழிந்து, ஒரு சின்னக் குமிழி உள்ளே மாட்டிக்கொள்கிறது. 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதை வேகக் காமிராவில் படம் பிடித்தார்கள். அந்தக் குமிழி அதிர்ந்து, மேலேயுள்ள தண்ணீரையும் அதிர வைக்கிறது. அந்தச் சத்தமே நம் காதுக்கு எட்டுகிறது. பாத்திரம் கழுவும் சவுக்காரம் கலந்தால் 'டொளக்' அடங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அதே ஜெர்மானியர் மின்னார்ட்டைப் பிடித்துப் பிணைக்கைதியாக அடைத்தார்கள். மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. கூட இருந்த கைதிகளுக்குப் பாடம் நடத்தினார். 1944-இல் விடுதலையானார். 1970-இல் காலமானார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு இவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வாளியருகே குந்திக்கொண்டு கேள்வி கேட்டால் விரட்டாதீர்கள். மாணவர்களே, இன்று ராத்திரி பைப்பை இறுக்குவதற்கு முன் கொஞ்சம் நின்று கேளுங்கள்!