ரேச்சல் கார்சன் அம்மையார்

2023-ம் வருஷம் டிசம்பர் மாத வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துப் போனதை நம் பங்கு மக்கள் மறக்கவில்லை. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், நாற்றமும் வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் தண்ணீரில் தங்கும் விஷமும் உண்டு. அதை உலகம் அறியச் செய்தவர் ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க மாது.

இவர் 1907-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி, பென்சில்வேனியாவில் அலகெனி நதியோரத்து ஸ்பிரிங்டேல் என்னும் ஊரில் பிறந்தார். எழுத்தாளராகும் ஆசையோடு கல்லூரிக்குப் போனவர், பிராணி சாஸ்திரத்துக்கு மாறினார். தகப்பனார் இறந்தபின் குடும்ப பாரம் இவர்மேல் விழவே, அரசாங்க மீன் இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1951-ல் கடலைப் பற்றி இவர் எழுதிய நூல் அமோகமாக விற்றது. மறுவருஷம் உத்தியோகத்தை விட்டார்.

1958-ல் ஒரு சிநேகிதியிடமிருந்து கடிதம் வந்தது. கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்ததில் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்தனவாம். நம் பாட்டிமார் காலத்தில் மலேரியாக்காரர் வீட்டுச் சுவரில் அடித்துப்போன அதே மருந்துதான். அது அநேக உயிர்களைக் காப்பாற்றியதும் மெய்யே. ஆகையால் அதைக் குறை கூறத் துணிந்தவர் சிலரே.

அம்மையார் நாலு வருஷம் விசாரித்தார். கனடாவின் மிராமிச்சி நதிக்கரைக் காட்டில் 1954-ல் புழுவுக்காக டி.டி.டி. தெளித்தார்கள், அவ்வருஷம் நதியில் பொரித்த சால்மன் குஞ்சுகளில் அநேகமாக ஒன்றும் தப்பவில்லை. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்னும் ஏரியில் அதே இனத்து மருந்தைக் கலந்தார்கள். தண்ணீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கில் ஐம்பதில் ஒன்று. நுண்ணுயிரைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, அவற்றைப் பறவை தின்ன, அப்பறவையின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது. எண்பதாயிரம் மடங்கு! காசிமேட்டில் மீன் வாங்கும் தாய்மார் இந்தக் கணக்கை இன்னொரு தரம் படிக்கட்டும்.

இதற்கிடையே தாயார் காலமானார். தாயற்ற பேரப்பிள்ளை முறைச் சிறுவன் ஒருவனையும் வளர்த்து வந்தார். 1960-ல் மார்பில் புற்றுநோய் கண்டது. சொந்த நோயின் ஆத்திரத்தில் எழுதுகிறார் என்று விரோதிகள் சொல்லிவிடாதபடி அதை மறைத்துவிட்டார்.

'மௌன வசந்தம்' 1962-ல் வெளிவந்தது. மருந்துக் கம்பெனிகள் சீறின. மணமாகாத பெண்ணுக்கு விஞ்ஞானம் என்ன தெரியும் என்று கேலி செய்தவர்களும் உண்டு. மருந்தே வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, கண்மூடித்தனமாகத் தெளிக்காதீர்கள் என்றுதான் கேட்டார். 1963 மே மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞானக் குழு அவர் பக்கமே பேசியது. 1964 ஏப்ரல் 14-ந் தேதி, 56-ம் வயதில் காலமானார்.

அமெரிக்கா 1972-ல் டி.டி.டி.யைத் தடுத்தது. நம் தேசத்தில் 1989-ல் பயிருக்குத் தடை வந்தது. பத்து வருஷம் கழித்து, கேரளத்தில் டி.டி.டி. செய்யப்பட்ட ஏலூரில், பெரியாற்றுக்குப் போகும் குழிக்கண்டம் ஓடையின் சேற்றை அள்ளிச் சோதித்தார்கள். அதில் அம்மருந்து இருந்தது.