நுழைவுச்சீட்டு இல்லாத அரங்கு

பாரசீகத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்ட நாசிருத்தீன் ஷா 1831ஆம் ஆண்டில் பிறந்தார். 1848இல் காஜார் மரபின் நான்காம் மன்னராக அரியணை ஏறியபோது அவருக்கு வயது 17. வீண்செலவைக் குறைத்து நாட்டைச் சீர்செய்ய முயன்ற அமைச்சர் அமீர் கபீரை, அரண்மனைச் சூழ்ச்சிக்கு இரையாகி 1852இல் கொல்லச் செய்தார். அக்கறை அவர் பெயரைவிட்டு இன்றும் நீங்கவில்லை.

ஆயினும் நாடகக் கலை அவரை மறத்தல் இயலாது. கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் உசேன் உயிர்நீத்த துயரத்தை முகரம் மாதத்தில் நடித்துக் காட்டுவது ‘தாசியே’ என்னும் நாடகம். புனிதச் சடங்காகையால் இதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. அவ்வாறாயின் நடிகரின் வயிறு நிறைந்தது எங்ஙனம்? ஊர் ஊராகச் சென்ற குழுவினர் ஆட்டத்தை இடையில் நிறுத்திக் காசு திரட்டினர். நேர்த்திக்கடன் செலுத்துவோரும் கொடுத்தனர். தலைநகரிலோ புரவலர் மன்னரே.

டெஹ்ரான் அரண்மனையை ஒட்டி அவர் ‘தக்கியே தௌலத்’ என்ற பெரும் வட்ட அரங்கை எழுப்பினார். லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தைப் பார்த்துக் கட்டினார் என்பர் சிலர். கட்டுமானம் தொடங்கியதோ 1873இல் அவர் முதன்முதல் ஐரோப்பா செல்வதற்கு முன்பே! நடுவில் வட்டமேடை, மேலே துணிக்கூரை, சுற்றிலும் அடுக்கு மாடங்கள். மாடங்கள் அமைச்சர்க்கும் பிரபுக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. கம்பளம், கண்ணாடி, சரவிளக்கு யாவும் அவரவர் செலவு. அடுத்தவர் மாடத்தின்முன் தம் மாடம் மங்கிவிடலாகாதே என்று போட்டியிட்டு வாரியிறைத்தனர். மேடையைச் சுற்றித் தரையில் அமர்ந்த எளிய பெண்கள் காசின்றிக் கண்டு கண்ணீர் வடித்தனர்.

காசின்றி என்றா சொன்னோம்? மாகாண ஆளுநர் பதவிகள் விலைபோன காலம் அது. விலைகொடுத்து வாங்கியவர் அதனைக் குடிமக்களிடமே கறந்தார். சீட்டு வாங்காத பெண்கள் முன்னமேயே கட்டணம் செலுத்தியிருந்தனர் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

கருவூலம் வற்றவே, மன்னர் அந்நியர்க்கு உரிமைகளை விற்றார். 1890இல் புகையிலை வாணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். மக்கள் புகைப்பதையே கைவிட்டுக் கிளர்ந்தெழ, 1892இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இழப்பீட்டுக்கென நாடு 5 லட்சம் பவுன் கடன்பட்டது.

1896 மே முதல் நாள், டெஹ்ரானுக்கு அருகில் வழிபாட்டுத் தலம் ஒன்றில் மன்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் அந்த அரங்கிலேயே வைக்கப்பட்டிருந்தது. காஜார் மரபு இழந்த முடியை ரேசாகானுக்குச் சூட்டிய பேரவை 1925இல் கூடியதும் அங்கேதான். 1940களில் அரங்கு இடிக்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் ஒரு வங்கி எழுந்தது.