காற்றை வெறுத்த கிருமியும் கிடசாட்டோவும்

வெலிமடைப் பகுதியில் மண்வெட்டி காலில் பட்டுவிட்டாலோ, துருப்பிடித்த ஆணி குத்திவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் சென்று ஏற்புவலி ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிவர். கால்நடைகளின் குடலும் எருவிட்ட மண்ணும் ஏற்புவலிப் பற்றீரியாவின் இருப்பிடங்களாதலின், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு மாட்டெரு இடும் எமது மக்களுக்கு இவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், அந்த ஊசிக்கு வழிதிறந்த ஜப்பானிய மருத்துவர் கிடசாட்டோ ஷிபாசபுரோவின் பெயரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

கியூஷூ தீவின் ஒகுனி என்னும் மலைக்கிராமத்தில் 1853 இல் பிறந்த அவர், டோக்கியோவில் மருத்துவம் கற்று, பெர்லினில் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தைச் சென்றடைந்தார். அக்காலத்தில் ஏற்புவலிக் கிருமி ஆய்வாளருக்குப் பெரும் புதிராக இருந்தது. 1884 இல் ஜேர்மனியரான நிக்கொலாயர் அதனை மண்ணில் கண்டிருந்தபோதிலும், ஏனைய கிருமிகளிலிருந்து பிரித்து வளர்க்க எவராலும் இயலவில்லை. பிற கிருமிகளின் துணையின்றி அது வாழாது என்றே அறிஞர் சிலர் முடிவு கட்டிவிட்டனர்.

கிடசாட்டோ அம்முடிவை ஏற்கவில்லை. காசநோய்க் கிருமி போன்றவை ஒட்சிசனின்றி வளரமாட்டா. குடலில் வாழும் வேறு சில இருநிலையிலும் வளரும். இன்னும் சிலவற்றுக்கோ ஒட்சிசனே நஞ்சாகும். ஏற்புவலிக் கிருமி இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆழமான, வாய் குறுகிய காயம் ஆபத்தானதாவதும் இதனாலேயே. நோயாளியின் சீழை முதலில் வளரவிட்டு, வித்திகள் தோன்றியபின் அதனை 80 பாகை செல்சியசில் அவர் சூடாக்கினார். ஏனைய கிருமிகள் மடிய, வெப்பந் தாங்கும் வித்திகள் எஞ்சின. பின்னர், தாமே வடிவமைத்த தட்டையான கண்ணாடிக் குடுவையினுள் ஐதரசன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி அவற்றை வளர்த்தார். 1889 இல் ஏற்புவலிக் கிருமி தனித்து வளர்ந்தது.

தூய வளர்ப்புக் கிடைத்ததும் அதன் நஞ்சை ஆராய முடிந்தது. நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றிய விலங்கின் குருதிநீர் பிறிதொரு விலங்கையும் காக்கும் என 1890 இல் அவரும் பேரிங்கும் இணைந்து வெளியிட்டனர். எனினும், 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பரிசு தொண்டைக்கரப்பான் ஆய்வுக்கானது எனக் காரணம் கூறப்படுவதுண்டு. அது எமக்கு நிறைவளிக்கவில்லை.

அவரும் தவறாதவரல்லர். 1894 இல் ஹொங்கொங்கில் பிளேக் கிருமியைத் தேடியபோது, தூய வளர்ப்பால் புகழ்பெற்ற அவரது வளர்ப்புகளிலேயே வேறு பற்றீரியா கலந்துவிட்டதாக ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கிருமி இன்று யெர்சினின் பெயரையே தாங்குகின்றது. 1931 இல் காலமான கிடசாட்டோவின் உருவம் 2024 முதல் ஜப்பானின் 1000 யென் நாணயத்தாளில் இடம்பெற்றுள்ளது.

அந்நஞ்சின் கொடுமையைப் பிற்காலத்தவர் நீக்கி ஆக்கிய தடுப்பூசி, இலங்கையில் 1969 முதல் கர்ப்பிணிகளுக்கு ஏற்றப்படலாயிற்று. தூய்மையற்ற அலகால் தொப்புள்கொடி அறுக்கப்பட்ட சிசு, பிறந்த சில நாட்களிலேயே பாலருந்த முடியாது தாடை இறுகி மடிவதே இந்நோயின் மிகக் கொடிய வடிவம். லயன் அறைகளில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அவ்வூசி எத்தகைய காவலாயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை. இலங்கை உள்ளடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் சிசு ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் வித்திகள் மண்ணிலிருந்து அகல்வதில்லை. ஆகவேதான் கர்ப்பிணிகளின் தடுப்பூசிப் பதிவை எமது குடும்பநல உத்தியோகத்தர்கள் இன்றும் தவறாது பார்க்கின்றனர்.