பலர் சேர்ந்து விட்ட கப்பல்: வ.உ. சிதம்பரம்பிள்ளை

கொட்டியாரக் குடாக்கரையில் வாழும் எமக்குக் கப்பல் புதிதன்று. கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து லோஞ்ச் ஏறித் திருகோணமலைக்குச் சென்றுவந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால், துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் யாருக்குச் சொந்தமானவை என்று நாம் யோசிப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதை யோசித்தவர் வ.உ. சிதம்பரம்பிள்ளை.

அன்னார் 1872 செப்டெம்பர் 5 இல் தென்தமிழகத்தின் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளை, பரமாயி அம்மையார் தம்பதியினருக்குப் பிறந்தார். தந்தையைப் போலவே சட்டம் பயின்று, ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 ஒக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பற் கம்பனியைச் சிதம்பரனார் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. இனம், மதம் பாராமல் ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம் என்றது கம்பனி. மதுரைத் தமிழ்ச் சங்கத் தலைவர் பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் 2 இலட்சம் ரூபாவுக்கு 8,000 பங்குகளை வாங்கினார். ஐந்தில் ஒரு பங்கு மூலதனம் அவர் ஒருவரிடமிருந்தே வந்தது.

முதலில் பம்பாய்க் கம்பனி ஒன்றிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். பிரித்தானியக் கம்பனியின் அழுத்தத்தால் அவை திரும்பப் பெறப்பட்டன. சிதம்பரனார் மனந்தளரவில்லை. இலங்கையில் ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துப் போக்குவரத்தைத் தொடர்ந்தார். பின்னர் 1907 இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றும் ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமான பயணிகளையும் 4,000 சாக்கு மூடைகளையும் ஏற்றக்கூடியது.

போட்டிக் கம்பனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி அரை ரூபாவாக்கியது. உடனே பிரித்தானியக் கம்பனி இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது. வணிகக் கல்வியில் விலைப் போட்டி பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடைதான் நினைவுக்கு வருகிறது. நட்டத்தைத் தாங்கும் பணபலம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது.

சிதம்பரனார் முதலாளிகளை மட்டும் திரட்டியவர் அல்லர். 1908 பெப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். கோரிக்கைகள் வென்றன. சில நாட்களில், மார்ச் 12 இல், அன்னார் கைதானார். நீதிமன்றம் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தது. மேன்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்.

அவர் உள்ளே இருந்தபோது, 1911 இல், கம்பனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. சட்டத்தரணி உரிமையையும் இழந்திருந்த அன்னார் வறுமையில் வாடினார். ஆயினும் தமிழ்ப் பணியைக் கைவிடவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18 இல் காலமானார்.

இந்த வரலாறு எனக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. எல்லோருக்கும் கதவைத் திறந்ததால்தான் ஒரு சிறிய ஊரின் கம்பனி கடல் கடந்தது. ஆனால் பங்கு பலருடையதாக இருந்தும் பாரம் ஒருவர் தோளில் இருந்தது. அந்தத் தோள் சிறைக்குப் போனதும் கம்பனி சாய்ந்தது. பணத்தில் பங்கு கொடுத்தால் போதாது, பொறுப்பிலும் பங்கு வேண்டும்.

எமது பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். வயலும் கடலும் இருவருக்கும் உண்டு. நாளை நாம் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினால், கணக்கெழுதவும் முடிவெடுக்கவும் எல்லோரும் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளாகிய நாங்களும் இருக்க வேண்டும். பெற்றோரே, அந்த மேசையில் எங்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள்.